நம் வீட்டுப் பெண் ஆராய்ச்சிக்குப் போகிறாள்

(கோவில்பட்டி வட்டாரப் பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு இந்தக் கூட்டத்தைப் போட்டது போனஸுக்காக அல்ல. கூலி உயர்வுக்காகவும் அல்ல. அவற்றுக்கு வேறு தேதி குறித்திருக்கிறோம். நம் தோழர் ஒருவர், ரிங் பிரேமில் இருபத்தாறு வருஷம் நின்று கால் நரம்பு சுருண்டவர், போன வாரம் சங்க ஆபீசுக்கு வந்தார். ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தார். அவர் மகளுக்கு வந்த கடிதம். சர்க்கார் நடத்தும் பொறியியல் கல்வி நிலையம் ஒன்றில், எரிசக்தித் துறையில், டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. நம்மிடம் அவர் கேட்டது இது: "தோழர், பி.ஈ. படித்தாள். எம்.ஈ. படித்தாள். பாங்கிக் கடன் அப்படியே நிற்கிறது. சென்னையில் கம்பெனி வேலையும் வந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு இன்னும் ஐந்து வருஷம் படிக்கிறேன் என்கிறாள். காற்றாலை, சூரியத் தகடு என்கிறாள். அதெல்லாம் முதலாளிக்குத்தானே லாபம்? நமக்கு என்ன?"

இந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. கயத்தாறு ரோட்டில் வரிசையாகச் சுற்றுகிற காற்றாலைகளைப் பார்க்கிற ஒவ்வொருவர் மனதிலும் இருக்கிற கேள்வி. நாமோ எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள். டாக்டர் பட்டத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? ஆகவே உடனே பதில் சொல்லவில்லை. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழர்களைக் கேட்டோம். கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டோம். அந்தப் பெண்ணையே இரண்டு சாயங்காலம் உட்கார வைத்துக் கேட்டோம். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தெருவில் ஒரு பாட்டி, "ஊசி போடுகிற டாக்டரா?" என்று கேட்டாராம். இல்லை, பாட்டி. இது வேறு டாக்டர். மற்றப் படிப்புகளில், ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்ததைப் படித்துப் பரீட்சையில் எழுத வேண்டும். இதில் இதுவரை யாரும் விடை சொல்லாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, நாமே விடை தேடி, அது சரிதான் என்று நிரூபிக்க வேண்டும். முதலில் சில பாடங்கள் உண்டு, ஒரு கடினமான பரீட்சையும் உண்டு. அதன்பின் வருஷக்கணக்கில் சோதனைச்சாலையும் கணக்கும்தான். கடைசியில் ஒரு பெரிய நூலாக எழுதிக் கொடுக்க வேண்டும். வெளியூர்ப் பேராசிரியர்கள் அதைப் படிப்பார்கள். பிறகு சபையில் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தச் சபைக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்கிறார்கள். அந்த நாள் வந்தால் நாமும் போய் உட்காருவோம்.

சரி, காற்றாலையில் என்ன கேள்வி மிச்சம் இருக்கிறது? அதுதான் சுற்றுகிறதே!

தோழர்களே, களத்தில் தூற்றியவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காற்று லேசாக விழுந்தால் பதர் காலடியிலேயே விழுகிறது. கொஞ்சம் ஏறினால் பறக்கிறது. விஞ்ஞானிகள் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் உள்ள சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. காலையில் ஊரையே தாங்கிய காற்றாலை மத்தியானம் ஒரு தெருவுக்குக்கூடக் காணாமல் போவது இதனால்தான். அந்தக் காற்றிலும் முழுவதையும் பிடித்துவிட முடியாது. பிடிக்க முடிந்தது அதிகபட்சம் 59.3 சதவீதம் என்று ஜெர்மனியில் ஆல்பர்ட் பெட்ஸ் என்ற விஞ்ஞானி நூறு வருஷத்துக்கு முன்பே கணக்கிட்டார். எவ்வளவு பெரிய முதலாளி வந்தாலும் அதற்கு மேல் பிடிக்க முடியாது!

இப்போது மில்லுக்குள் வருவோம். ரிங் பிரேமை ஓட்டுகிற மோட்டாரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இண்டக்ஷன் மோட்டார். நான்கு துருவ மோட்டார் என்றால், நம் 50 சைக்கிள் கரண்டில் அதன் காந்த அலை நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றுகிறது. மோட்டார் அதைவிடக் கொஞ்சம் குறைவாக ஓடும். நம் ஃபிட்டர் தோழர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆனால் அதே மோட்டாரை வெளியிலிருந்து யாராவது பிடித்து 1,500க்கு மேல் சுற்றிவிட்டால் என்ன ஆகும்? கரண்டை எடுப்பதை விட்டுவிட்டு, கரண்டைக் கொடுக்க ஆரம்பித்துவிடும்! கயத்தாற்றில் நின்ற பழைய காற்றாலைகளில் இருந்தது இதுதான். நம் மில் மோட்டாரின் கூடப் பிறந்தது. காற்று அதை விரட்டுகிறது. அது கம்பியில் கரண்டைத் தள்ளுகிறது.

இந்த எளிய வழியைக் காற்றாலையில் நிலைநாட்டியவர் யார் தெரியுமா? டென்மார்க் நாட்டில் யோஹன்னஸ் யூல் என்ற எஞ்சினியர். அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டென்மார்க்கில் நிலக்கரி கிடையாது. விவசாய நாடு. 1891ல் ஆஸ்கோவ் என்ற ஊரில், குடியானவர் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளியில், போல் லா கூர் என்ற ஆசிரியர் காற்றாலை வைத்துக் கரண்டு எடுத்தார். பட்டணத்துக்குத்தான் விளக்கு, கிராமத்துக்கு இல்லை என்ற நிலையை மாற்ற வேண்டும் என்பது அவர் எண்ணம். கிராமத்து வாலிபர்களுக்கு மின்சார வேலை கற்றுக்கொடுக்க வகுப்பும் நடத்தினார். அந்த வகுப்பில் படித்த ஒரு பையன்தான் யூல். பிற்காலத்தில் அவர் 1957ல் கெட்சர் என்ற கடலோர ஊரில் 200 கிலோவாட் காற்றாலை ஒன்றைக் கட்டினார். மூன்று இறக்கை, இண்டக்ஷன் ஜெனரேட்டர், வேகம் மீறினால் இறக்கையின் நுனி தானே திரும்பிக் காற்றைத் தடுக்கிற பிரேக். 1967 வரை அது ஓடியது. அப்புறம் எண்ணெய் மலிவாகக் கிடைத்தது, நிறுத்திப் போட்டுவிட்டார்கள்.

1973ல் எண்ணெய் விலை ஏறியது. உலகமே விழித்துக்கொண்டது. அப்போது என்ன நடந்தது? கிறிஸ்டியன் ரீசேகர் என்ற தச்சர், யூலின் வழியைப் பின்பற்றித் தன் வீட்டிலேயே சிறிய காற்றாலையைக் கட்டிக் கம்பியில் இணைத்தார். ட்விண்ட் என்ற இடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களுமாகச் சேர்ந்து 1975ல் ஆரம்பித்து 1978ல் ஒரு ராட்சதக் காற்றாலையை எழுப்பிவிட்டார்கள். 54 மீட்டர் விட்டம்! பல பத்தாண்டுகள் ஓடியது அது. மறுபக்கம் ஜெர்மனியைப் பாருங்கள். பெரிய கம்பெனிகள், பெரிய பணம், பெரிய எஞ்சினியர்கள். 'குரோவியன்' என்ற பெயரில் 100 மீட்டர் விட்டத்தில் 3 மெகாவாட் இயந்திரம் ஒன்றை 1983ல் நிறுத்தினார்கள். விரிசல் விட்டது. அதிக நேரம் நின்றே கிடந்தது. 1987ல் கைவிட்டார்கள்.

இதைக் கேட்டதும் நம் தோழர்கள் சிலர், "பார்த்தீர்களா! தச்சர் ஜெயித்தார், டாக்டர் பட்டக்காரர் தோற்றார், அப்புறம் எதற்குப் படிப்பு?" என்று சொல்லக்கூடும். அவசரப்படாதீர்கள். தச்சர் கட்டிய காற்றாலைகள் புயலில் இறக்கை பிய்த்துக்கொண்டு பறந்ததும் உண்டு. டென்மார்க் சர்க்கார் 1978ல் ரிசோ என்ற இடத்தில் ஒரு சோதனை நிலையம் வைத்தது. அங்கே படித்த எஞ்சினியர்கள் ஒவ்வொரு இயந்திரத்தையும் சோதித்தார்கள். எந்த இறக்கை எந்தக் காற்றில் முறியும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். பட்டறைக்காரனும் ஆராய்ச்சிக்காரனும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததால்தான் அந்தச் சின்ன நாடு உலகத்துக்கே காற்றாலை விற்றது. ஜெர்மனியில் பட்டறை அனுபவம் இல்லாமல் ஒரேயடியாகப் பெரிதாகத் தாவினார்கள், விழுந்தார்கள்.

அந்த வழியில் வந்த காற்றாலைகள்தான் நம் பக்கமும் வந்து சேர்ந்தன. 1986ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களை மின்வாரியம் நிறுத்தியது. அதன்பின் டென்மார்க் உதவியோடு கயத்தாறு, முப்பந்தல் பக்கம் வந்தன. செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் ஆகிய மூன்று சந்து வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வருகிறது. வைகாசியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரையில் அடிக்கிறது. இன்று தமிழ்நாட்டில் நிறுவிய காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல். கயத்தாற்றிலேயே சர்க்காரின் காற்றாலைச் சோதனை நிலையமும் இருக்கிறது. அதன் தலைமை நிலையம் 1998ல் சென்னையில் ஆரம்பித்தது. நம் ஊர் பஸ்ஸில் போகிற தூரத்தில் உள்ள இந்த இடத்துக்கு நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம்? நாமும் போனதில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறோம்.

சரி, நம் தோழருடைய கேள்விக்கு வருவோம். முதலாளிக்குத்தானே லாபம்?

ஆமாம். முதலாளிக்கு லாபம்தான். மூடி மறைக்க வேண்டியதில்லை. நாங்கள் சங்க வேலைக்கு முழுநேரமாக வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஒரு மில். பெயர் வேண்டாம். நல்ல நூல், நல்ல ஆர்டர், மூன்று ஷிப்டும் ஓட்டம். தீபாவளி போனஸ் பேசப் போனோம். "இந்த வருஷம் உபரியே இல்லை, 8.33 சதத்துக்கு மேல் தர வழியில்லை" என்றார்கள். கணக்கை வாங்கிப் பார்த்தோம். எங்களுக்கு விளங்கவில்லை. ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் வந்து விரலை வைத்துக் காட்டினார். மில் புதிதாகக் காற்றாலை வாங்கியிருந்தது. அந்தக் காலத்து வருமான வரிச் சட்டப்படி காற்றாலை விலையில் எண்பது சதத்தை முதல் வருஷமே தேய்மானம் என்று கழித்துக்கொள்ளலாம். ஒரு கோடிக்கு வாங்கினால் எண்பது லட்சம்! 1965ஆம் வருஷத்துப் போனஸ் சட்டமோ, அந்தத் தேய்மானத்தைக் கழித்த பிறகுதான் உபரியைக் கணக்கிடச் சொன்னது. காற்றாலை புதுசாக வெள்ளை வெளேர் என்று நிற்கிறது; கணக்கில் மட்டும் அதற்குள் தேய்ந்துவிட்டது. எங்கள் போனஸும் அதோடு தேய்ந்தது. அந்த வருஷம் 8.33 சதத்தோடுதான் திரும்பி வந்தோம். சட்டத்தைப் படிக்காமல் பேச்சுவார்த்தைக்குப் போன எங்கள் தவறும் அதில் உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சலுகை காற்றாலையை நிறுத்தியதற்குக் கிடைத்தது. அது எத்தனை யூனிட் கரண்டு தந்தது என்று கேட்கவில்லை. ஆகவே வரிக்காக வாங்கியவர்கள் உண்டு. வாங்கியபின் பராமரிக்காதவர்களும் உண்டு. 2009 டிசம்பரில்தான், உற்பத்தி செய்த யூனிட்டுக்கு ஐம்பது பைசா என்ற ஊக்கத்தொகை வந்தது. 2017ல் தேய்மானம் நாற்பது சதத்துக்கு இறங்கியது.

2012ஆம் வருஷத்தை யாராவது மறந்திருக்கிறீர்களா? சென்னையைத் தவிர மற்ற ஜில்லாக்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாகக் கரண்டு கிடையாது. தறி நின்றது. ஷிப்டு நின்றது. கூலி நின்றது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் பயிர் காய்ந்தது. ஆனால் அதே காலத்தில், காற்று பலமாக அடிக்கிற நாட்களில், "கரண்டை எடுத்துப்போகக் கம்பி போதவில்லை, நிறுத்து" என்று காற்றாலைகளை நிறுத்தி வைத்தார்கள். காற்று அடிக்கிறது, காற்றாலை நிற்கிறது, நாம் இருட்டில் கிடக்கிறோம்! இது யார் குற்றம் என்பதை வேறு கூட்டங்களில் நிறையப் பேசியிருக்கிறோம். ஆனால் கோஷம் போட்டதால் மட்டும் கம்பி வந்துவிடாது; எங்கே எந்தக் கம்பி வேண்டும், எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த ஆள் நம் பக்கம் வேண்டும்.

அந்தப் பெண் எடுத்திருக்கிற விஷயம் இதற்கு அடுத்த வீட்டுச் சங்கதிதான். எங்களுக்கு விளங்கியபடி சொல்கிறோம். தப்பு இருந்தால் அவளே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், திருத்தட்டும்.

இந்த நாட்டுக் கரண்டு முழுவதும் விநாடிக்கு 50 சுற்றில் ஓட வேண்டும். செலவு கூடி உற்பத்தி குறைந்தால் 50 இறங்கும். உற்பத்தி கூடினால் ஏறும். இரண்டும் அளவு மீறினால் ஆபத்து. இயந்திரங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே கழன்றுகொள்ளும். ஒன்று கழன்றால் சுமை அடுத்ததன் மேல் விழும், அதுவும் கழலும். 2012 ஜூலை 30ந் தேதியும் 31ந் தேதியும் வட இந்தியாவில் சரிந்தது நினைவிருக்கிறதா? இரண்டாம் நாள் ஏறத்தாழ அறுபது கோடி ஜனங்கள் வாழும் பகுதியில் கரண்டு இல்லை. அன்று தென்னிந்தியா தப்பியது. ஏனென்றால் நம் கம்பிவலை அதனோடு ஒரே தாளத்தில் இணைந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் 31ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பி வழியாக இணைந்தது. இப்போது காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே தாளம். நல்லதுதான். ஆனால் தாளம் தப்பினால் எல்லோருக்கும் தப்பும்.

பழைய ஆயில் எஞ்சினில் பம்பு ஓட்டியவர்களுக்குத் தெரியும்: அந்தக் கனமான வீல் எதற்கு? எஞ்சின் ஒரு கணம் திணறினாலும் வீல் தன் வேகத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும். நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும் உள்ள அனல் நிலையங்களில் சுற்றுகிற டன் கணக்கான இரும்பு நாட்டுக்கே அந்த வீல் மாதிரி. சூரியத் தகட்டில் சுற்றுகிற பொருள் எதுவும் கிடையாது. வெயில் விழுகிறது, கரண்டு வருகிறது, அவ்வளவுதான். அதோடு இணைக்கிற இன்வெர்ட்டர் என்ற கருவி, கம்பியில் ஏற்கெனவே ஓடுகிற தாளத்தைக் கேட்டு அதன்படி தானும் போடுகிறது. கோயில் கச்சேரியில் தவில்காரர் அடிக்கிற தாளத்துக்கு மற்றவர்கள் வாசிப்பது போல. தவில்காரர் நிறுத்திவிட்டால்? நிலக்கரி குறையக் குறைய, நாட்டில் தவில்காரர்கள் குறைகிறார்கள், பின்பாட்டுக்காரர்கள் பெருகுகிறார்கள்.

ஆகவே கேள்வி இது: பாட்டரியையும் இன்வெர்ட்டரையும் வைத்து, அந்தக் கருவியே தவில்காரனாகத் தாளம் போடும்படி செய்ய முடியுமா? செய்தால், பத்து தவில்காரர்கள் ஆளுக்கொரு தாளம் போட்டுச் சண்டை போடாமல் இருக்க என்ன வழி? கயத்தாற்றில் திடீரென்று காற்று விழுந்தால் எத்தனை விநாடிக்குள் அது கைகொடுக்க வேண்டும்? உலகம் முழுவதும் இதில்தான் இப்போது வேலை நடக்கிறது. 2025 ஏப்ரல் 28ல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் இருண்டுபோயின. மின்னழுத்தம் அளவு மீறி ஏறி, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. "சூரியத் தகடுதான் காரணம்" என்று உடனே கூச்சல் போட்டவர்கள் உண்டு. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ஏற்பாடு போதாமல் இருந்தது என்பதுதான் பிறகு விசாரித்தவர்கள் சொன்னது. அந்த ஏற்பாட்டைச் செய்யக் கற்பதுதான் இந்தப் படிப்பு.

இதற்கும் நமக்கும் என்ன என்று இனிமேல் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறோம். தாளம் தப்பினால் முதலில் நிற்பது எந்த ஷிப்டு? முதலாளி பங்களாவில் ஜெனரேட்டர் இருக்கிறது.

ஆனால் ஆராய்ச்சியில் கிடைப்பது யார் கைக்குப் போகிறது என்பது வேறு கேள்வி. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக் கழகத்தில் மார்ட்டின் கிரீன் என்ற பேராசிரியரின் சோதனைச்சாலை உண்டு. பொதுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி. 1980களில் அங்கே கண்ட ஒரு வகைச் சூரியத் தகடு, முப்பது வருஷம் கழித்து உலகத் தொழிற்சாலைகளில் எல்லாம் பரவியது. அவரிடம் டாக்டர் பட்டம் பெற்றவர்களில் ஷி ஷெங்ரோங் என்பவர் சீனத்து ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 2001ல் ஊக்சி நகரில் கம்பெனி ஆரம்பித்தார். 2005ல் நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறினார், பெரும் கோடீசுவரரானார். 2013ல் அந்தக் கம்பெனி கடனில் மூழ்கித் திவாலானது. ஏழை வீட்டுப் பிள்ளை படித்தால் தானாகவே ஏழைகளுக்கு உழைப்பான் என்று நாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டோம். ஆனால் அந்தச் சோதனைச்சாலையின் வேலையால் சூரியத் தகடு மலிந்தது என்பதும் உண்மை. கோடீசுவரர் வீழ்ந்தார், தகடு இருக்கிறது.

இனி வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். நம் தோழருக்கு இரவில் தூக்கம் வராமல் செய்வது அதுதானே?

முழுநேர ஆராய்ச்சி மாணவருக்கு உதவித்தொகை உண்டு. மத்திய சர்க்காரின் ஜூனியர் உதவித்தொகை 2023 ஜனவரி முதல் கணக்கிட்டு மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருஷத்துக்குப் பிறகு 42,000. இவள் பெறப்போவது அந்த அளவில்தான். நம் பிரேமில் நிற்பவருக்கு இது பெரிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் யாரும் தானாகக் கொடுத்ததல்ல இது. 2014ல் 16,000 ஆக இருந்தது 25,000 ஆனது. அதன்பின் நாலு வருஷம் அசையவில்லை. நாடு முழுதும் ஆராய்ச்சி மாணவர்கள் மனுக் கொடுத்தார்கள். டில்லியில் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். 2019 ஜனவரி 30ல் 31,000 ஆனது. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சோதனைக்குழாய் பிடிக்கிறவர்களும் கூலிக்குப் போராடத்தான் வேண்டியிருக்கிறது!

எல்லோருக்கும் இந்தத் தொகையும் இல்லை. தேசியத் தகுதித் தேர்வு எழுதாமல் மத்தியப் பல்கலைக் கழகங்களில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 8,000 தான். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப் போவதாக அறிவித்தார்கள். மாணவர்கள் டில்லியில் பல்கலைக் கழக மானியக் குழுவின் வாசலிலேயே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். தடியடி வாங்கினார்கள். எட்டாயிரம் நின்றது, ஆனால் உயரவில்லை. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கென்று தனித் தேசிய உதவித்தொகை உண்டு. தமிழ்நாட்டு அரசும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களின் முழுநேர ஆராய்ச்சிக்கு ஊக்கத்தொகை தருகிறது. விவசாயத் தொழிலாளர் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். உங்கள் தெருவில் எம்.எஸ்ஸி., எம்.ஈ. முடித்துவிட்டு வேலைக்கு அலைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொன்ன ஆள் யாரும் இல்லை.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. உதவித்தொகை மாதாமாதம் நம் சம்பளம்போல வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நாலைந்து மாதம் வராமல், கடன் வாங்கி விடுதிச் சாப்பாட்டுக் காசு கட்டியவர்களை நமக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்குள் முடியும் என்றும் உறுதி கிடையாது. சோதனை தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகாட்டி என்று ஒரு பேராசிரியர் இருப்பார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதம் நகராது. நல்லவர் வாய்த்தால் தகப்பன் மாதிரி. இல்லாவிட்டால் பழைய மேஸ்திரி ராஜ்யம்தான். அந்தப் பெண்ணுக்கு நாம் சொன்னது: சேருமுன் அந்தப் பேராசிரியரிடம் ஏற்கெனவே படிக்கிறவர்களிடம் போய்ப் பேசு. எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று கேள். மில்லில் வேலைக்குச் சேருகிறவன் கேட்டில் நின்று விசாரிப்பதில்லையா? அதே மாதிரிதான். அவள் போய் விசாரித்துவிட்டும் வந்துவிட்டாள். மூன்று பேர் முடித்திருக்கிறார்களாம். இரண்டு பெண்கள் இப்போது படிக்கிறார்களாம். நல்ல செய்தி.

கல்யாணம் என்னாகும் என்று தாயார் கேட்டார். அம்மா, உங்கள் கேள்வி எங்களுக்குச் சிரிப்பாக இல்லை. மானியக் குழுவின் 2022ஆம் வருஷ விதிப்படி ஆராய்ச்சிக்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகம் ஆறு வருஷம். அதற்கு மேலும் மறுபதிவு செய்து நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் சலுகை. பிள்ளைப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாள் விடுப்பு. தனியார் கம்பெனியில் இதெல்லாம் கிடைக்குமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கடனைப் பற்றி: பாங்கியில் நேரில் போய்க் கேட்க வேண்டும். மேற்படிப்புக் காலத்தில் தவணையைத் தள்ளிவைக்க வழி உண்டா என்று எழுத்தில் பதில் வாங்க வேண்டும். சங்கத்திலிருந்து ஒரு தோழர் கூட வருவார். சேர்க்கைக் கட்டணமும் விடுதி முன்பணமும் உடனே வேண்டும். முதல் உதவித்தொகை கைக்கு வரச் சில மாதம் ஆகலாம். அதுவரைக்கும் தாங்க, கூட்டுறவுச் சிக்கனச் சங்கத்தில் தகப்பனார் பெயரில் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். இது தர்மம் அல்ல, கடன்தான். அவள் திருப்பித் தருவேன் என்று சொல்லியிருக்கிறாள்.

கம்பெனி வேலையா, ஆராய்ச்சியா? அந்த முடிவு அவளுடையது. எங்களைக் கேட்டால், போகட்டும் என்போம். வேலை நிச்சயம் என்பதற்காக அல்ல. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுத் தற்காலிக விரிவுரையாளராக மணிக்கணக்குக் கூலிக்கு நிற்கிறவர்களும் நாட்டில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் மின்வாரியத்தின் மேஜையிலும் ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணையிலும் கட்டணம் எவ்வளவு, கம்பி எங்கே என்று பேசும்போது, மில் முதலாளிகள் சங்கம் எஞ்சினியர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறது. நாம் வெறும் மனுவோடு போகிறோம்.

ஒரு விஷயம் சொல்லி முடித்துக்கொள்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை இதே பேச்சு நடந்தபோது, பக்கத்துக் கிராமத்து விவசாயத் தொழிலாளி அக்கா ஒருவர் கேட்டார்: "ஏம்மா, ராத்திரி கரண்டு விடுகிறார்கள் என்று இருட்டிலே தண்ணி பாய்ச்சப் போய் என் தம்பியைப் பாம்பு கடித்தது. சூரியனில் கரண்டு பகலில்தானே வருது? அந்தக் கரண்டைப் பகலிலேயே பம்புசெட்டுக்கு விட்டால் என்ன?" பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, எங்கள் புத்தகத்தில் பம்புசெட்டைச் சுமை என்று மட்டும்தான் போட்டிருக்கிறார்கள். அதை எந்த நேரத்தில் ஓட்டினால் தாளம் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்" என்றாள். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். பக்கத்தில் எத்தனை கிணறு, எத்தனை குதிரைசக்தி மோட்டார், எந்த நேரம் கரண்டு வருகிறது என்று கணக்கு வேண்டும் என்கிறாள். அந்தக் கணக்கு மின்வாரியத்தில் இருக்கும். ஆனால் உண்மையில் எத்தனை ஓடுகிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். கிராமக் கிளைகள் இந்த மாதக் கடைசிக்குள் எழுதிச் சங்க ஆபீசில் கொடுங்கள். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அவள் ரயில் ஏறுகிறாள்.